கார் ஷெட்டில் கட்டிய விமானம் வானில் பறக்குமா? 'கிட்' விமானமும் 51 சதவீத விதியும் - முழு விளக்கம்

விமானம் என்றதும் போயிங், ஏர்பஸ் என்று பெரிய கம்பெனிகளின் பெயர்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அமெரிக்காவில் கார் நிறுத்துற ஷெட்டிலும், வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையிலும் சொந்தக் கையால் விமானம் கட்டி, அதில் தாங்களே ஏறிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருட்டுத்தனமாக இல்லை. அரசாங்கமே பதிவு எண் கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, "போங்க, பறங்க" என்று அனுமதிக்கிறது.

2022ல் இந்தச் செய்தி நம்ம பக்கத்திலும் வலம் வந்தது. கேரளாவைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர், கொரோனா லாக்டவுன் நேரத்தில் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் 4 பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு பறந்தார் என்பதுதான் அது. "விமானத்தை அவரே தயாரித்தார்" என்று பல இடங்களில் தலைப்பு போட்டார்கள். அது பாதி உண்மை. அவர் வாங்கியது தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனி விற்கும் கிட். அந்த மீதிப் பாதி உண்மை என்ன, அதில் பணமும் உயிரும் எங்கே சிக்குகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிட் விமானம் என்றால் என்ன?

ஆன்லைனில் ஆர்டர் போட்ட கட்டிலை நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற மாதிரி இருக்குமோ என்று நினைத்தால், இல்லை. கிட் என்பது மரப்பெட்டிகளில் வரும் உதிரி பாகங்கள். வளைத்த அலுமினியத் தகடுகள், இறக்கைக்குள் எலும்பு மாதிரி நிற்கும் விலாச் சட்டங்கள், அவற்றைத் தாங்கும் முதுகெலும்பு போன்ற நீளமான உத்திரம், பை பையாக ரிவெட்டுகள், கூடவே ஒரு தடிமனான கையேடு. இன்ஜின் அதில் கிடையாது. ப்ரொப்பெல்லர் கிடையாது. விமானி முன்னால் இருக்கும் கருவிகள் கிடையாது. பெயின்ட்டும் கிடையாது. எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் தொடங்கிய கம்பெனி. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் 'ஆர்.வி.' என்று விமான மாடல்களுக்குப் பெயரானது. ஆர்.வி-3ல் தொடங்கி ஆர்.வி-14 வரை பல மாடல்கள். உலகம் முழுக்க 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி. விமானங்கள் வீட்டிலோ ஹேங்கரிலோ கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. இது தவிர இரும்புக் குழாய் சட்டத்தின் மேல் துணி போர்த்தும் கிட்ஃபாக்ஸ், ஃபைபர் உடம்பு கொண்ட லேன்செர், கிளாஸ்எயர் என்று வேறு ரகங்களும் உண்டு.

கிட்டை மொத்தமாக வாங்க வேண்டியதில்லை. வால் பகுதி தனி, இறக்கை தனி, உடல் தனி, கடைசியில் சக்கரம், கண்ணாடிக் கூரை உள்ளிட்ட 'ஃபினிஷ்' கிட் தனி. முதலில் வாலைத்தான் வாங்கச் சொல்வார்கள். இருப்பதிலேயே சின்னது, விலை குறைவு. வேலை கற்றுக்கொள்ளவும் அதுவே பாடம். தப்பு செய்தால் ஒரு தகட்டோடு போகும். இன்னொரு காரணமும் உண்டு, கம்பெனிக்காரர்கள் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். வாலைக் கட்டும்போதே "நமக்கு இது சரிப்படாது" என்று பலருக்குத் தெரிந்துவிடும். பாதி முடிந்த வால் கிட்கள் செகண்ட் ஹேண்டில் எப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டே இருப்பது அதனால்தான்.

அது என்ன 51 சதவீத விதி?

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., தொழிற்சாலையில் தயாராகும் ஒவ்வொரு மாடலையும் சோதித்து, வடிவமைப்புக்கே சான்றிதழ் கொடுக்கிறது. அதற்குப் பல ஆண்டுகளும் பல கோடிகளும் ஆகும். வீட்டில் கட்டுபவருக்கு அது நடக்கிற காரியமா? அதனால் சட்டத்தில் ஒரு தனிக் கதவு வைத்திருக்கிறார்கள். விமானத்தின் 'பெரும்பகுதியை' தன் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தானே உருவாக்கி, தானே பொருத்தியிருந்தால், அந்த விமானம் 'எக்ஸ்பெரிமென்டல்' அதாவது சோதனை வகையில் பதிவாகும். பெரும்பகுதி என்றால் பாதிக்கு மேல். அதுதான் பேச்சுவழக்கில் 51 சதவீத விதி.

இந்த 51 எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். எடையை வைத்து இல்லை. செலவை வைத்தும் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதையும் பார்ப்பதில்லை. விமானம் கட்ட என்னென்ன வேலைகள் தேவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எந்த வேலையைத் தொழிற்சாலை செய்தது, எந்த வேலையைக் கட்டியவர் செய்தார் என்று டிக் போட்டுக்கொண்டே போவார்கள். இன்ஜின், ப்ரொப்பெல்லர், சக்கரம், கருவிகள் இவற்றை யாரும் வீட்டில் தயாரிக்கப்போவதில்லை என்பதால் அவற்றின் தயாரிப்பு இந்தக் கணக்கில் வராது.

இறக்கையும் உடலும் ஓரளவு முடிந்த நிலையில் வரும் 'குவிக் பில்ட்' கிட்களும் கிடைக்கின்றன. விலை கூடுதல், வேலை குறைவு. ஆனால் அதையும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும்படி கவனமாக அளந்துதான் விற்கிறார்கள். ஒரு எல்லைக்கு மேல் கம்பெனி வேலை செய்துவிட்டால் விமானம் அந்தக் கதவு வழியாக நுழைய முடியாது. பணம் கொடுத்து ஆள் வைத்து மொத்தத்தையும் கட்டிவிட்டு "நான்தான் கட்டினேன்" என்று கையெழுத்துப் போடுவது சட்டப்படி பொய்ச் சான்று.

அதனால்தான் கட்டுபவர்கள் டைரி எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் எந்த பாகம், எத்தனை மணி நேரம், கையில் டிரில்லோடு நிற்கும் போட்டோ என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அந்த டைரியைத்தான்.

பத்தாயிரம் ரிவெட்டும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும்

அலுமினிய விமானத்தில் வெல்டிங் கிடையாது. தகட்டையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது ரிவெட். 2 பேர் உட்காரும் ஒரு ஆர்.வி. விமானத்தில் 10 ஆயிரத்துக்கும் மேல் ரிவெட் அடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு ரிவெட் உள்ளே போவதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். ஓட்டைகள் கம்பெனியிலேயே கணினி இயந்திரத்தால் போடப்பட்டு வரும். இரண்டு தகடுகளையும் வைத்தால் ஓட்டைக்கு ஓட்டை பொருந்த வேண்டும். 'கிளெக்கோ' என்ற, பெரிய துணி கிளிப் மாதிரியான ஸ்ப்ரிங் பிடிப்பான்களை நூற்றுக்கணக்கில் மாட்டி எல்லாவற்றையும் தற்காலிகமாக இறுக்குவார்கள். ஓட்டையைச் சரியான அளவுக்கு மறுபடி டிரில் செய்வார்கள். அப்புறம் மாட்டிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆமாம், கழற்றத்தான் வேண்டும்! ஒவ்வொரு ஓட்டையின் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும், தகட்டின் ஓரங்களை வழுவழுப்பாக்க வேண்டும். அதன் பிறகு ஓட்டையைச் சுற்றிச் சின்னக் குழி அழுத்துவார்கள். ரிவெட்டின் தலை அந்தக் குழிக்குள் உட்கார்ந்து, மேற்பரப்போடு சமமாகிவிடும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் காற்று இழுக்கும், வேகம் குறையும். குழி அழுத்தியதும் ப்ரைமர் அடித்து, காயவைத்து, மறுபடியும் கிளெக்கோ மாட்டி, அதற்குப் பிறகுதான் ரிவெட்.

பிசிறு எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பாலிதீன் கவரில் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் அங்கிருந்துதானே கிழியும்? அலுமினியத் தகடும் அதே மாதிரிதான். விமானம் பறக்கும்போது ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வில் விரிசல் தொடங்குவதற்கு ஓட்டையின் ஓரத்தில் இருக்கும் ஒரு மயிரிழைப் பிசிறு போதும்.

ரிவெட் அடிக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளிப்பக்கம் காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து 'டர்ர்ர்' என்று அடிப்பார். இன்னொருவர் உள்பக்கம் ஒரு கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிப்பார். அடியில் வால் நசுங்கி, பொத்தான் மாதிரி விரியும். அந்த விரிந்த பொத்தானின் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் அதில் பாதி இருந்தால் சரி. கூடவோ குறையவோ இருந்தால், கோணலாக இருந்தால், டிரில் வைத்து எடுத்துவிட்டு வேறு ரிவெட் அடிக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது ஓட்டை பெரிதாகிவிட்டால் அது புதுத் தலைவலி. மனைவி, மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று இரும்புக் கட்டியைப் பிடித்த எல்லாரும் இந்த விமானங்களின் கதையில் இருப்பார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் அந்தத் துப்பாக்கி சத்தம் கேட்டும் சண்டைக்கு வராத பக்கத்து வீடு அமைவது தனி அதிர்ஷ்டம்.

ஒரு ஆளே செய்யக்கூடிய 'பாப் ரிவெட்' அதிகம் இருக்கும் ஆர்.வி-12 போன்ற சுலபமான மாடல்களும் இருக்கின்றன. அதற்கு ஆயிரத்துக்குள் மணி நேரம் போதும் என்பார்கள். ஆர்.வி-7 போன்றவற்றைச் சாதாரண கிட்டில் கட்டினால் 1,500 முதல் 2,000 மணி நேரம் பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. வேலை, குடும்பம் எல்லாம் போக வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்குபவருக்கு 3 முதல் 4 வருடம். வாரம் 5 மணி நேரம் என்றால் குழந்தை ஸ்கூல் முடித்துவிடும்.

இன்னொன்று, ஷெட்டின் கதவை அளக்காமல் தொடங்கக் கூடாது. இறக்கையைத் தனியாக, உடலைத் தனியாக லாரியில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கேதான் ஒன்று சேர்ப்பார்கள்.

இது எப்போ தொடங்கியது?

விமானம் பிறந்தபோதே தொடங்கியதுதான். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள், அவர்களுக்கு எந்தத் தொழிற்சாலை இருந்தது? பிரேசிலைச் சேர்ந்த சான்டோஸ்-டுமான்ட் தன் 'டெமாய்செல்' என்ற குட்டி விமானத்தின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். 1910ல் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகையில் அது வெளியானது. 1953ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபெரெஸ்னி என்பவர் வீட்டில் விமானம் கட்டுபவர்களைச் சேர்த்து இ.ஏ.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1955ல் இன்னொரு பத்திரிகையில், இன்ஜினோடு சேர்த்து 800 டாலருக்குள் ஒரு விமானம் கட்டுவது எப்படி என்று அவர் எழுதிய தொடர்தான் பலரை ஷெட்டுக்குள் இழுத்தது. ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசியில் ஆஷ்காஷ் நகரில் அந்தச் சங்கம் நடத்தும் விழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. சொந்த விமானத்தின் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள்

கிட் விமானத்தில் ஒரு பெரிய ஆபத்து தரையிலேயே இருக்கிறது. அது அட்வான்ஸ் பணம்.

1970களில் ஜிம் பீட் என்பவரின் பி.டி-5 விமானம் அமெரிக்காவையே கிறங்கடித்தது. ஒரு ஆள் மட்டும் உட்காரும் குட்டி விமானம். அதன் ஜெட் ரகத்தை 1983ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஆக்டோபுஸி'யில் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள். உடல் பாகங்கள் வந்தன, அதற்கேற்ற இன்ஜின்தான் வரவில்லை. கடைசியில் கம்பெனி திவாலானது. இன்ஜின் இல்லாத விமானங்கள் ஷெட்களில் தூசி படிந்து கிடந்தன. ஆர்டர் போட்டவர்களில் ஒரு சின்னப் பகுதியினர்தான் கடைசிவரை போய்ப் பறந்தார்கள்.

அதெல்லாம் பழைய கதை, இப்போ அப்படி நடக்காது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில்தான் 2023 வந்தது. பெயரெடுத்த வேன்ஸ் கம்பெனியிலேயே சிக்கல். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கிட் ஆர்டர்களைக் குவித்தார்கள். வேகமாகக் கொடுக்க வேண்டும் என்று, வழக்கமாகத் துளை அச்சு வைத்துப் போடும் ஓட்டைகளில் ஒரு பகுதியை லேசரால் வெட்டி வாங்கியது கம்பெனி. லேசர் ஓட்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுபவர்கள் அதைச் சுற்றிக் குழி அழுத்தியபோது சில ஓட்டைகளின் ஓரத்தில் விரிசல் தெரிந்தது. லேசர் வெட்டத் தொடங்கி முடிக்கும் இடத்தில் விழும் நுண்ணிய குறைதான் காரணம்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டிய இறக்கைக்குள், ரிவெட் அடித்து மூடிய இடத்தில், எந்த ஓட்டை லேசர் ஓட்டை, எது பழைய முறை ஓட்டை? பாகங்களைச் சோதித்த கம்பெனி, பெரும்பாலானவை பலம் குறையாதவை என்றது. சிலவற்றை மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஆனால் தன் குழந்தையை ஏற்றிக்கொண்டு பறக்கப்போகிறவருக்கு 'பெரும்பாலானவை' என்ற சொல் எவ்வளவு ஆறுதல் தரும்? பல பேர் முடித்த வேலையைப் பிரித்தார்கள். மாற்று பாகங்களின் செலவு, கூடிப்போன போக்குவரத்துக் கட்டணம், பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து கம்பெனியைத் தள்ளியதில், 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு அது நீதிமன்றம் போனது. ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியவர்கள், விமானம் வேண்டுமென்றால் புது விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நிறுவனர் தன் பணத்தைக் கடனாகப் போட்டுக் காப்பாற்ற முயன்றார். 2024ல் கம்பெனி அந்த நிலையிலிருந்து மீண்டு, இப்போதும் கிட் விற்கிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

கிட்டின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இன்ஜின், ப்ரொப்பெல்லர், டிஜிட்டல் கருவிகள் மூன்றையும் கூட்டினால் பெரும்பாலும் கிட்டின் விலையை மிஞ்சிவிடும். 2 இருக்கை கொண்ட ஒரு ஆர்.வி. விமானம் புது இன்ஜினோடு முடியும்போது ஒரு லட்சம் டாலரைத் தாராளமாகத் தாண்டுகிறது. நம்ம பணத்தில் 80 லட்சத்துக்கும் மேல். 4 இருக்கை என்றால் 2 லட்சம் டாலர். இங்கிலாந்தில் கட்டிய அந்தக் கேரளக்காரருக்கு ஆன செலவு சுமார் 1.4 லட்சம் பவுண்ட் என்று அப்போது செய்திகள் வந்தன. தொழிற்சாலையில் தயாரான புது 4 இருக்கை விமானத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் என்று மாசாமாசம் போவது தனிக்கணக்கு.

கட்டியாச்சு, அடுத்து?

மூன்று சக்கரத்துக்கு அடியிலும் எடை மெஷின் வைத்து விமானத்தை நிறுத்துவார்கள். எடை எவ்வளவு, அது எங்கே குவிகிறது என்று கணக்கு போட வேண்டும். எடை மையம் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் விமானம் விமானியின் கைக்கு அடங்காது. பிறகு ஆய்வாளர் வருவார். அவர் ரிவெட் ரிவெட்டாகத் தட்டிப் பார்ப்பவர் இல்லை. டைரி, ஆவணங்கள், வெளியிலிருந்தும் மூடிகளைத் திறந்தும் தெரியும் இடங்கள், இவற்றைத்தான் பார்ப்பார். உள்ளே மூடிய வேலைக்குக் கட்டியவரின் மனசாட்சிதான் சாட்சி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் மூடுவதற்கு முன்பே அனுபவசாலி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் முறையே வேறு. அங்கே எல்.ஏ.ஏ. என்ற அமைப்பின் ஆய்வாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம்.

சான்றிதழ் கிடைத்தாலும் உடனே குடும்பத்தை ஏற்ற முடியாது. அமெரிக்காவில் முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைக் காலம். ஏற்கெனவே சான்று பெற்ற இன்ஜின்-ப்ரொப்பெல்லர் ஜோடி என்றால் 25, இல்லையென்றால் 40. மணிக்கணக்குக்குப் பதிலாக, வகுத்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் முறையும் இப்போது உண்டு. குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள்தான் பறக்க வேண்டும், வீடுகள் நெருக்கமான இடத்தின் மேல் போகக் கூடாது, பயணி கூடாது. தகுதி உள்ள இன்னொரு விமானியைத் துணைக்கு ஏற்றிக்கொள்ள மட்டும் தனி அனுமதி இருக்கிறது. வாடகைக்கு ஆள் ஏற்றுவது எப்போதுமே கிடையாது.

உண்மையிலேயே பாதுகாப்பா?

நேராகவே சொல்லிவிடலாம், தொழிற்சாலை விமானத்தைவிட ஆபத்து அதிகம். அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012ல் இதற்கென்றே ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்குள்ள சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். ஆனால் 2011ல் நடந்த சிறு விமான விபத்துகளில் அவற்றின் பங்கு சுமார் 15 சதவீதம். உயிர் போன விபத்துகளில் 21 சதவீதம். இன்ஜின் நிற்பதும், விமானம் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முக்கியமான காரணங்கள். எரிபொருள் குழாய்கள் தேவையான அளவு பெட்ரோலை இன்ஜினுக்குக் கொடுக்கின்றனவா என்று முதல் முறை பறப்பதற்கு முன் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் பலரை ஆச்சரியப்பட வைத்தது. விபத்தில் சிக்கியவற்றில் பாதிக்கு மேல், கட்டியவர் கையில் இருந்த விமானங்கள் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவை.

இதற்குப் பிரபலமான உதாரணம், பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விமான நிலையத்திலிருந்து அவர் தனியாகப் பறந்த 'லாங்-இசி' விமானம் கொஞ்ச நேரத்தில் பசிபிக் கடலில் விழுந்தது. விமானம் அவர் கட்டியது இல்லை, புதிதாக வாங்கியது. பெரிய அனுபவம் உள்ள விமானிதான். ஆனால் அந்த விமானம் அவருக்குப் புதுசு.

லாங்-இசியில் இரண்டு பெட்ரோல் டேங்க் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு வால்வு. வடிவமைத்த பர்ட் ருட்டனின் வரைபடத்தில் அது விமானியின் கால்களுக்கு நடுவில் இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவர், விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்று நினைத்து, வால்வைப் பின்னால் கொண்டுபோய் விமானியின் இடது தோளுக்குப் பின்புறம் வைத்துவிட்டார். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான் அது! அதைத் திருப்ப வேண்டுமென்றால் விமானி உடம்பையே இடது பக்கம் முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ரட்டர் பெடலை மிதித்துவிடுகிறது என்று விசாரணையில் சோதித்துக் கண்டார்கள். வால்வில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியீடும் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியிலும் எண் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் கைப்பிடியை நீட்டிப்பதற்காகப் பிளையர் ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. பெட்ரோல் போடலாமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றாராம். ஒரு டேங்க் தீர்ந்ததும் வால்வைத் திருப்பப் போய் விமானம் கைமீறியது என்பதுதான் விசாரணையின் முடிவு. வால்வை அங்கே வைத்த முடிவையும், புது விமானத்துக்கு அவர் போதிய பயிற்சி எடுக்காததையும் அறிக்கை காரணங்களில் சேர்த்தது.

கட்டியவருக்கு எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த வால்வு எப்படித் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அடுத்து வாங்குபவருக்கு அது தெரியாது. இதனால் கட்டியவருக்கு எஃப்.ஏ.ஏ. ஒரு சலுகை கொடுக்கிறது. தன் விமானத்தின் வருடாந்திர ஆய்வைத் தானே செய்துகொள்ளும் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கும். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் கூடப் போகாது. வாங்கியவர் அந்த ஆய்வுக்கு வேறு வழி தேட வேண்டும்.

இந்தியாவில் கட்டலாமா?

மும்பை காந்திவிலியில் அமோல் யாதவ் என்ற விமானி, வீட்டு மொட்டை மாடியிலேயே 6 இருக்கை விமானத்தைக் கட்டினார். இது கிட் இல்லை, சொந்த வடிவமைப்பு. 2016ல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோதுதான் நாடு முழுக்கப் பேச்சானது. ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் பதிவு வாங்க 2017 கடைசி வரை ஆனது. சோதனைப் பறப்புக்கான அனுமதி 2019ல்தான் வந்தது. கட்டியதைவிட ஃபைலோடு அலைந்ததுதான் பெரிய வேலை என்று சொல்லும் அளவுக்கு அந்த அனுபவம் இருந்தது. பதிவும் பறக்கத் தகுதிச் சான்றும் இல்லாமல் ஒரு விமானத்தை மேலே எழுப்புவது இங்கே குற்றம். மோட்டார் பைக் இன்ஜினை மாட்டி வயல்வெளியில் ஓட்டிக் காட்டும் வீடியோக்களுக்கு லைக் எவ்வளவு விழுந்தாலும் இந்தச் சட்டம் மாறாது.

ஒன்றை மறந்துவிட வேண்டாம், விமானம் கட்டத் தெரிந்தால் ஓட்டத் தெரியும் என்று அர்த்தமில்லை. கட்டுவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. ஓட்ட விமானி உரிமம் கட்டாயம். கட்டும் வருடங்களில் பணமும் நேரமும் ஷெட்டுக்குள்ளேயே போய்விடுவதால், முதல் பறப்பு நெருங்கும்போது பலர் மாதக்கணக்கில் விமானம் ஓட்டாமல் இருப்பார்கள். அதே மாடலில் பயிற்சி எடுத்துக்கொண்ட பிறகே ஏறுங்கள் என்று இதற்காகத்தான் வற்புறுத்துகிறார்கள்.

விற்க நினைத்தால்?

விமானத்தில் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டில் 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் கிட் கம்பெனியின் பெயர் இருக்காது. கட்டியவரின் பெயர்தான் இருக்கும். எத்தனை கை மாறினாலும் அது மாறாது. பத்து வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதை ஓட்டி விபத்து நடந்தாலும் வழக்கில் தன் பெயர் வரலாம் என்ற பயத்தில், சிலர் முழு விமானமாக விற்காமல் இன்ஜினையும் கருவிகளையும் கழற்றித் தனித்தனியாக விற்றுவிடுகிறார்கள். விற்காமல் பறப்பவர்களின் விமானத்தில், பயணி கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும் என்பது விதி. இது தனிநபர் கட்டிய விமானம், தொழிற்சாலை விமானங்களுக்கான அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் பெல்ட் மாட்ட வேண்டும்.